ஒரு கிலோ செவ்வாய் மண்: எம்ஜிஎஸ்-1 வகுப்பறைக்கு உதவுமா?

செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றிய கண்காட்சி எங்கே நடந்தாலும் அங்கே ஒரு தொட்டி இருக்கும். சிவந்த மண், அதில் நாலு இலை விட்ட செடி, பக்கத்தில் 'செவ்வாய் மண்ணில் வளர்ந்தது' என்று ஓர் அட்டை. ராக்கெட் மாதிரியை எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிற கூட்டம் இந்தத் தொட்டி முன்னால் நின்றுவிடும். ராபர்ட் ஸுப்ரின் முதலானோர் 1998-ல் தொடங்கிய மார்ஸ் சொசைட்டியாக இருந்தாலும் சரி, ஊர்ப் பள்ளியின் அறிவியல் மன்றமாக இருந்தாலும் சரி, அங்கே போய்ப் பிழைக்க முடியும் என்று சனங்களிடம் சொல்ல இதைவிட எளிய சாட்சி கிடையாது. அதனால்தான் அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தத் தொட்டிகளுக்கென்று விலைக்குக் கிடைக்கும் பொடிகளில் முக்கியமானது எம்ஜிஎஸ்-1. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாடம் நடத்த அருமையான சரக்கு, செடி வளர்க்க மோசமான சரக்கு. செடி வளராமல் போவதையே பாடமாக்கத் தெரிந்தவர் ஒரு கிலோ வாங்கலாம். பச்சைப் பசேலென்று தொட்டி வைத்துக் கைதட்டு வாங்க நினைப்பவருக்குக் காசு தண்டம்.

பொட்டலத்தில் இருப்பது

செவ்வாயிலிருந்து இதுவரை யாரும் ஒரு பிடி மண் கொண்டுவரவில்லை. விண்கற்களாக வந்து விழுந்த பாறைத் துண்டுகள் மட்டும் உண்டு. ஆகவே கடையில் கிடைப்பதெல்லாம் பூமிக் கனிமங்களைக் கொண்டு செய்த நகல். துறைக்காரர்கள் 'சிமுலன்ட்' என்பார்கள். பழைய நகல்கள் ஓரிடத்தில் கிடைத்த இயற்கைச் சரக்கை அப்படியே அள்ளியவை. ஜேஎஸ்சி மார்ஸ்-1 ஹவாய்த் தீவின் எரிமலைச் சாம்பல். எம்எம்எஸ் அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்துப் பசால்ட் என்ற எரிமலைப் பாறை. எம்ஜிஎஸ்-1 அப்படியில்லை. செவ்வாயின் கேல் பள்ளத்தில் 'ராக்நெஸ்ட்' என்ற காற்றடித்துச் சேர்ந்த மணல் மேட்டை நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2012-ல் அள்ளிச் சோதித்தது. அந்தக் கனிமப் பட்டியலை வைத்து, ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே எடை போட்டுக் கலந்தது இது. இதை உருவாக்கிய கெவின் கேனன் குழு 2019-ல் செய்முறையையே வெளியிட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் எக்ஸோலித் ஆய்வகம் விற்றுவந்தது, பிறகு ஸ்பேஸ் ரிசோர்ஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனமாக மாறியது.

வெளியிட்ட செய்முறைப்படி எடையில் பிளாஜியோகிளேஸ் 27.1 விழுக்காடு, பசால்ட் கண்ணாடி 22.9, பைராக்சின் 20.3, ஆலிவின் 13.7. மீதியில் மெக்னீசியம் சல்பேட் 4, ஃபெர்ரிஹைட்ரைட் 3.5, நீரேறிய சிலிகா 3, மேக்னடைட் 1.9, அன்ஹைட்ரைட் 1.7, இரும்புக் கார்பனேட் 1.4, ஹேமடைட் 0.5. இந்தப் பட்டியலே நல்ல பாடம். சிவப்புக்குப் பேர்போன ஹேமடைட் அரை விழுக்காடுதான். அதனால் பொட்டலத்தைப் பிரித்ததும் செக்கச்செவேல் என்று எதிர்பார்க்காதீர்கள், மங்கிய பழுப்புதான். செவ்வாயின் சிவப்பு பெரும்பாலும் மேலே படிந்த நுண்தூசியின் நிறம், கீழே இருப்பது கறுத்த எரிமலைப் பாறைதான். பார்வையாளர்களுக்காக மேலே காவிப்பொடி தூவுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தூவினால் அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.

அளவு விஷயத்தில் ஏமாந்துபோவது எளிது. இதன் தளர்வடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.29 கிராம். அதாவது ஒரு கிலோ வாங்கினால் முக்கால் லிட்டர் சொச்சம். ஒரு சிறிய பூந்தொட்டி நிறையும், அவ்வளவுதான். கடல் கடந்து வரும் பொருள் என்பதால் அனுப்பும் கூலி சரக்கு விலையோடு போட்டி போடும். இன்னொன்று: இந்தியாவுக்குள் மண் கொண்டுவரத் தாவரத் தொற்றுத்தடைச் சட்டப்படி அனுமதி வேண்டும். இது மண்ணே அல்ல, பொடித்த கனிமக் கலவை. ஆனால் விலைச்சீட்டில் விற்பவர் 'செவ்வாய் மண்' என்று விளையாட்டாக எழுதிவிட்டால் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கனிமப் பட்டியலையும் பாதுகாப்புத் தாளையும் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, என்95 முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். பொடியின் நுண்ணிய பகுதி நுரையீரலுக்கு ஆகாது. மாணவர் கையில் கொடுக்கும் முன் ஆசிரியரே சிறிது தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

செடியைத் தொடும் முன் மூன்று சோதனைகள்

முதலில் காந்தம். 50 கிராம் பொடியைத் தட்டில் பரப்புங்கள். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் இழுக்க வேண்டும். நேராகத் தொட்டால் ஒட்டிய பொடியை ஆயுளுக்கும் எடுக்க முடியாது. ஒட்டியதை எடை போட்டால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடவே வரும், ஏனென்றால் மேக்னடைட் துகளோடு மற்றவையும் ஒட்டி வரும். செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களே இந்தச் சோதனைக்கென்று காந்தம் கொண்டுபோயின.

அடுத்தது உப்பு. 50 கிராம் பொடியை 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளியவிட்டு, வடித்த நீரை ஒரு கிண்ணத்தில் வற்றவிடுங்கள். 4 விழுக்காடு மெக்னீசியம் சல்பேட் என்றால் 2 கிராம். முழுவதும் கரைந்தால் அந்த நீரில் லிட்டருக்கு 8 கிராம் கணக்கில் உப்பு இருக்கிறது. கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். விதை முளைவிட்டு வேரை இந்த உப்பில்தான் நீட்டப்போகிறது என்பதை யாரும் வாயால் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கார அமிலத்தன்மை. 10 கிராம் பொடி, 50 மில்லி காய்ச்சி வடித்த நீர், அரை மணி நேரம் கழித்து பிஹெச் மீட்டர். மீட்டரை 7, 9.2 என்று பிஹெச் முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களிலும் சரிபார்த்த பிறகுதான் அளக்க வேண்டும். 4, 7 இரண்டில் மட்டும் சரிபார்த்துவிட்டுக் காரப் பக்கம் அளந்தால் எண்ணை நம்ப முடியாது. எம்ஜிஎஸ்-1 ஒன்பதை ஒட்டியோ அதைத் தாண்டியோ காட்டும். பெரும்பாலான பயிர்களுக்கு 6-லிருந்து 7 வரை போதும்; ஒன்பது என்பது களர் நிலம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளின் பெரிய குறை இதுதான். 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவப் பக்கம் மண்ணை நீரில் கரைத்து அளந்தபோது கிடைத்த பிஹெச் 7.7. நம் ஊர்க் கரிசல் நிலத்திலேயே அதைவிடக் காரம் கூடிய வயல்கள் உண்டு. அப்படியானால் பொட்டலத்தின் ஒன்பது எங்கிருந்து வந்தது? ஒரு காரணம், புதிதாக உடைத்த ஆலிவின் போன்ற கனிமங்களின் முகப்புகள் நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. இன்னொன்று, 2019 செய்முறையில் துகள்களை ஒட்டவைக்கச் சோடியம் மெட்டாசிலிகேட் என்ற பசையைச் சேர்க்கிறார்கள், அதுவே கடுங்காரம். ஆக, செடி கருகினால் அது செவ்வாயின் குற்றமா, நகல் செய்தவர் கைப்பக்குவமா என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021-ல் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் மூன்று சிமுலன்ட்களை ஒப்பிட்டபோது, ஊட்டம் கொடுத்தும்கூட எம்ஜிஎஸ்-1-ல் செடி பிழைக்கவில்லை. அமிலம் சேர்த்துக் காரத்தைக் குறைத்த பிறகுதான் நின்றது. அதே ஆய்வில் கால்சியம் பெர்குளோரேட் சேர்த்த சிமுலன்ட்களில் எதுவுமே வளரவில்லை.

பெர்குளோரேட் இந்தப் பொட்டலத்தில் இல்லை. மெய்யான செவ்வாய் மண்ணில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் கண்டது எடையில் 0.4-லிருந்து 0.6 விழுக்காடு. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிற உப்பு இது, கூடவே தீயை ஊட்டி வளர்க்கிற ஆக்ஸிஜனேற்றி. வகுப்பில் சேர்த்துப் பார்க்கவே கூடாது. விற்பவர்கள் சேர்க்காதது சரியான முடிவுதான், ஆனால் 'இதில் பெர்குளோரேட் இல்லை' என்று அட்டையில் எழுதாமல் தொட்டி வைப்பது பாதி உண்மை.

எட்டுக் கப், முப்பது நாள்

ஒரு கிலோவில் உருப்படியாக ஒரு சோதனை செய்ய முடியும். துளையிட்ட சிறு கப்புகளில் தலா 75 மில்லி, அதாவது 97 கிராம் அளவுக்கு நிரப்பினால் எட்டுக் கப்புக்கு ஏறத்தாழ 775 கிராம். மீதி 225 கிராம் மேலே சொன்ன சோதனைகளுக்கு. இரண்டிரண்டு கப்பாக நாலு வகை: வெறும் பொடி; கழுவிய பொடி; கழுவி, காரம் குறைத்து, ஊட்டக்கரைசல் ஊற்றியது; கழுவி, கால் பங்கு மண்புழு உரம் கலந்தது. இவற்றோடு ஊர்ச் செம்மண் இரண்டு கப், ஈரப் பஞ்சு இரண்டு கப் கட்டாயம் வேண்டும். பஞ்சை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், மோசம் போவதும் அங்கேதான்.

காரணம் விதையில் இருக்கிறது. வெந்தயமோ பாசிப்பயறோ முதல் ஏழெட்டு நாள் தன் பருப்பில் இருக்கும் சேமிப்பைத் தின்றுதான் வளர்கிறது. ஈரத் துணியில் முளைக்கிற பயறு செவ்வாய்ப் பொடியிலும் முளைக்கும், கண்ணாடித் தூளிலும் முளைக்கும். ஒரு வாரத்தில் படம் எடுத்து 'செவ்வாயில் விவசாயம்' என்று போடுவதற்கு அந்த ஒரு வாரம் தாராளம். ஆகவே விதை சின்னதாக இருக்க வேண்டும். சிறுகீரையோ தண்டுக்கீரையோ போடுங்கள். சேமிப்பு சீக்கிரம் தீர்ந்து மண்ணின் யோக்கியதை பத்தாம் நாளுக்குள் வெளிப்பட்டுவிடும். கீரை விதையைப் புதைக்கவும் கூடாது. பொடி நனைந்து காயும்போது மேலே ஓடு கட்டும், கீரை முளையால் அதை உடைத்து வர முடியாது. மேலாகத் தூவி, கப்பைத் தட்டில் வைத்துக் கீழிருந்து நீர் ஏற விடுங்கள். மேலே ஊற்றினால் சிமென்ட் பூச்சுப் போல இறுகிவிடும்.

கழுவும் முறை: பொடியைப் போல மூன்று மடங்கு எடைக்கு நீர், நன்றாகக் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மடித்த வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. கலங்கலோடு கொட்டிவிட்டால் நுண்துகள் போய்விடும், பிறகு தண்ணீரைப் பிடித்துவைக்க ஆள் இருக்காது. கழுவி முடித்ததும் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். கிலோவுக்கு ஒன்பது லிட்டர் நீர் செலவாகியிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பாத்தி, 20 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 258 கிலோ மண். கழுவ 2,300 லிட்டருக்கு மேல் நீர். அரை விழுக்காடு என்று வைத்தாலும் அந்த ஒரே பாத்தியில் 1.3 கிலோ பெர்குளோரேட் இருக்கும். அது நீரில் கரையும், ஆகவே கழுவினால் போகும். போன நீரை ஆவியாக்கி மீட்டால்தான் அடுத்த பாத்திக்குத் தண்ணீர். குடியேற்றம் சாத்தியம் என்பவரும் வீண்வேலை என்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய எண்கள் இவை. ஒரு கிலோ பொடியிலிருந்து இந்த இடத்துக்கு வகுப்பைக் கொண்டுவர முடிகிறதே, அதுதான் கொடுத்த காசுக்கு வரவு.

காரம் குறைப்பது பொறுமை வேலை. லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். அந்தக் கரைசலில் நனைத்து ஒரு நாள் விட்டு அளந்தால் இறங்கியிருக்கும்; மறுநாள் மறுபடி ஏறியிருக்கும். புதுக் கனிம முகப்புகள் கரைந்துகொண்டே இருப்பது ஒரு பக்கம், சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவது மறுபக்கம். நாலைந்து சுற்று ஆகலாம். கந்தகப் பொடி போட்டால் போதாதா என்று விவசாயம் தெரிந்த பெற்றோர் கேட்பார்கள். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணில் வாழும் பாக்டீரியா; இந்தப் பொடியில் அதை எதிர்பார்த்து உட்கார முடியாது.

உரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பொடியில் தழைச்சத்து கிடையாது. யூரியா போட்டால் காரம் கூடிய இடத்தில் அமோனியாவாகப் பறந்துபோகும், வகுப்பறை நாறும். மாடித்தோட்டக் கடைகளில் ஹைட்ரோபோனிக்ஸுக்கு விற்கும் ஏ, பி இரட்டைக் கரைசல் நல்லது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி நைட்ரேட். பாட்டிலில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். இருபதாம் நாள் வாக்கில் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைவெளி வெளிறினால் அது இரும்புப் பற்றாக்குறை. இரும்புப் பொடியிலேயே நிற்கிற செடிக்கு இரும்புப் பஞ்சம்! காரத்தில் இரும்பு கரையாது, கரையாததை வேர் குடிக்காது. சாதாரண ஈடிடிஏ (EDTA) இரும்பு இந்தக் காரத்துக்குத் தாங்காது, ஈடிடிஹெச்ஏ (EDDHA) இரும்பு என்று கேட்டு வாங்க வேண்டும்.

முப்பதாம் நாள் வேரோடு எடுத்து, கழுவி, 0.1 கிராம் காட்டும் தராசில் கப்புக்கு ஐந்து செடியாகச் சேர்த்து எடை போடுங்கள். வெறும் பொடியில் ஐந்து செடி மிஞ்சியிருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். மண்புழு உரம் கலந்த கப் ஜெயிக்கும். அங்கேதான் அட்டைக்குரிய கேள்வி எழுகிறது: ஜெயித்தது செவ்வாய்ப் பொடியா, பூமியின் சாணமா? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2017-ல் செவ்வாய்ச் சிமுலன்டில் மண்புழு குட்டி போட்டது என்ற செய்தி உலகம் சுற்றியது. பன்றிச் சாணக் குழம்பு கலந்த மண் அது, அவர்களும் மறைக்கவில்லை. தலைப்புகளில்தான் சாணம் காணாமல் போயிற்று. சாணம் கலப்பது ஏமாற்று அல்ல. அங்கே குடியேறுகிறவர்களும் தங்கள் கழிவைத்தான் மண்ணாக்க வேண்டியிருக்கும். எவ்வளவு கலந்தோம் என்று எழுதாததுதான் ஏமாற்று.

நகலையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதற்கு நிலாவிடம் ஆதாரம் இருக்கிறது. 2022-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் அப்பல்லோ கொண்டுவந்த அசல் நிலா மண்ணில், செடிக்கு ஒரு கிராம் வீதம் வைத்து, அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியை வளர்த்தனர். ஏறத்தாழ எல்லா விதையும் முளைத்தது. ஆனால் நகல் மண்ணில் வளர்ந்தவற்றைவிட மெதுவாக, நோஞ்சானாகத்தான் வளர்ந்தன. செவ்வாய்க்கு அப்படி ஒப்பிட அசல் இன்னும் கைக்கு வரவில்லை. காற்றழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஈர்ப்பு 38 விழுக்காடு, கதிர்வீச்சு ஆகியவற்றை எந்தப் பொட்டலமும் தராது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் யோசனையில் அட்டை இப்படி இருக்கலாம்: 'எம்ஜிஎஸ்-1 நகல் பொடி, 75 பங்கு, மண்புழு உரம், 25 பங்கு. பெர்குளோரேட் இல்லை. மூன்று முறை கழுவியது. பிஹெச் தொடக்கத்தில் இவ்வளவு, இன்று இவ்வளவு. வயது 30 நாள்.' பக்கத்திலேயே வாடிப்போன வெறும் பொடிக் கப்பையும் வைக்க வேண்டும். அதை ஒளித்து வைப்பவர் கண்காட்சியில் கேள்வி கேட்கிற பிள்ளையிடம் மாட்டிக்கொள்வார்.

வாங்க முடியாவிட்டால்

காந்தம், உப்பு, கழுவல் கணக்கு இவ்வளவுக்கு மட்டும் என்றால் உள்ளூர் நகல் போதும். ஆனால் பக்கத்துக் கிரஷரில் கிடைக்கும் தூளை அள்ளிவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட், கிரானைட் வகை. குவார்ட்ஸ் நிறைந்த கல் அது, செவ்வாய் மணலிலோ குவார்ட்ஸ் மிகமிகக் குறைவு. போதாததற்கு, குவார்ட்ஸ் தூசிதான் கல்குவாரித் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொடுப்பது. நிலாவுக்கு என்றால் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை கைகொடுத்தது. சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ அதைப் பொடித்துத்தான் நிலா மண் செய்தது. செவ்வாய்க்கு வேண்டியது பசால்ட், அதற்கு மகாராஷ்டிரத்துத் தக்காணப் பாறைத் தூள் தேட வேண்டும்.

ஒரு கிலோவுக்கு பசால்ட் தூள் 900 கிராம், எப்சம் உப்பு 40, ஜிப்சம் 20, மேக்னடைட் பொடி 20, ரெட் ஆக்சைடு 20. பசால்ட் தூளை 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். எப்சம் உப்பின் எடையில் பாதி நீர் என்பதால் உப்புக் கணக்கு அசலில் பாதிதான் வரும். சமமாக வேண்டுமானால் 80 கிராம் போட்டு பசால்ட்டை 860 ஆக்குங்கள். ரெட் ஆக்சைடு வாங்கும்போது தரை பூசும் கலவையைத் தந்துவிடுவார்கள். அதில் சிமென்ட் சேர்ந்திருந்தால் பிஹெச் 12-க்குப் போய்விடும். சுத்த நிறமி என்று கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகையை நீரில் போட்டு அளந்து பார்த்த பிறகு கலக்குங்கள்.